பூச்சிமருந்து விஷத்துக்குப் பின் வரும் நரம்புப் பாதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து அடிக்கப் போய் மயங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதல் மூன்று பதில்களையும் வரிசையாகப் படித்துவிட்டால் மற்றவை எளிதில் புரியும்.

1. பூச்சியைக் கொல்றதுக்குத்தானே மருந்து? அது மனுஷனோட நரம்பை எப்படிங்க கெடுக்கும்?

பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் ஒரே சரக்கை வைத்துத்தான் வேலை செய்கின்றன. நரம்பு நுனியிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்துவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் இந்த நொதியைப் பூட்டிவிடுகின்றன. சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வழிவது, வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, சதை துடிப்பது, நெஞ்சில் நீர்ச்சளி நிறைந்து மூச்சு முட்டுவது எல்லாம் இதனால்தான்.

அட்ரோபின் ஊசி இந்த நீர்ப்பெருக்கை அடக்கும். பாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் பிராலிடாக்ஸிம் பூட்டைத் திறக்கப் பார்க்கும். நேரம் கடந்தால் பூட்டு இறுகிவிடும். மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்றவற்றில் சில மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். குளோர்பைரிபாஸில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். இதுவரை சொன்னது முதல் நாள் கதை. நரம்பு இழையே பழுதாவது வேறொரு வழியில், தாமதமாக நடக்கிறது.

2. சரியாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நடந்துதான் வந்தேன். மூணு வாரம் கழிச்சு இப்ப போய் கால் மரத்துப் போகுது. அந்த மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். தாமத நரம்புநோய் என்பதன் கணக்கே அதுதான். விஷம் ஏறியதிலிருந்து 1 முதல் 3 வாரத்துக்குள், சிலருக்கு இன்னும் சற்றுத் தள்ளி, இது தலைகாட்டும். முதலில் கெண்டைக்கால் சதையில் வலியும் குரக்களியும் வரும். பிறகு இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி மதமதப்பு, ஊசி குத்தல், எரிச்சல். அதற்குப் பின் பலம் குறையும். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கும். சில நாள் கழித்துக் கை விரல்களுக்கும் ஏறலாம்.

வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அன்றைக்கு அவர் பரிசோதித்த கால் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கும். குறை என்னவென்றால், மூன்றாம் வாரம் மறுபடி வந்து காட்டச் சொல்லி யாரும் சீட்டில் எழுதுவதில்லை. ஆகவே நீங்களே காலண்டரில் 14ஆம் நாளையும் 21ஆம் நாளையும் வட்டமிட்டு வையுங்கள். அந்த நாட்களில் கால் நன்றாக இருந்தாலும் 7ஆம் கேள்வியில் உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள்.

3. முதல்ல கால்ல ஏன்? தலையில இருந்துதானே நரம்பு கிளம்புது?

நீளமான இழைதான் முதலில் அடிபடும். முதுகுத்தண்டின் அடியிலிருந்து பாதம் வரை போகும் ஒரே இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய சத்து முழுவதும் மேலே இருக்கும் உயிரணுவிலிருந்து இறங்கி வர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் முதலில் காய்வது கடைசி வயல்தானே? அதேபோல இழை நுனியிலிருந்து மேல்நோக்கிக் காய்ந்துகொண்டு வரும்.

இதற்குக் காரணம் கோலினெஸ்டரேஸ் பூட்டப்பட்டது அல்ல. நரம்பு இழையில் வேறொரு நொதி இருக்கிறது. என்.டி.இ. என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். சில ஆர்கனோபாஸ்பேட்டுகள் அதையும் பூட்டி, பூட்டை இறுகவும் வைத்துவிடும். சுமார் 70 சதவீதத்துக்கு மேல் அது செயலிழந்தால் இரண்டு மூன்று வாரத்தில் இழை சிதையத் தொடங்கும். அட்ரோபினும் பாமும் இதைத் தடுப்பதில்லை. வளர்ந்த கோழிக்கு இந்த நோய் மனிதனைப் போலவே வருவதால், புதுப் பூச்சிமருந்துகளை முட்டைக்கோழிக்குக் கொடுத்து, கால் தள்ளாடுகிறதா என்று மூன்று வாரம் பார்ப்பார்கள்.

4. ஆஸ்பத்திரியில நாலாம் நாள் கழுத்தைத் தூக்க முடியாமப் போச்சு, மெஷின் வெச்சாங்க. அதுவும் இந்த நோய்தானா?

இல்லை, அது இடைநிலைக் கோளாறு. இலங்கையில் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இரு மருத்துவர்கள் 1987இல் இதைத் தனியாக அடையாளம் காட்டினார்கள். விஷம் ஏறி 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. தோள், தொடைச் சதைகளும் தளரும். மூச்சுத் தசையும் தளர்ந்தால் வென்டிலேட்டர் வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் முழுப் பலமும் திரும்பிவிடும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. இடைநிலைக் கோளாறு நாட்கணக்கில் வரும், கழுத்தையும் தோளையும் தொடையையும் பிடிக்கும். தாமத நோய் வாரக்கணக்கில் வரும், பாதத்தில் தொடங்கும். ஒருவருக்கு இரண்டும் அடுத்தடுத்து வருவதும் உண்டு. முதலாவது சரியாகிவிட்டது என்பதை வைத்து இரண்டாவது வராது என்று சொல்ல முடியாது.

5. எந்த மருந்துக்கு இப்படி வரும்? பேரைச் சொல்லுங்க.

மனிதர்களில் இந்தத் தாமத நோயை உண்டாக்கியதாக மருத்துவத்தில் பதிவானவை மெத்தமிடோபாஸ், டிரைகுளோர்பான், டைகுளோர்வாஸ், குளோர்பைரிபாஸ் முதலியவை. இவற்றில் டிரைகுளோர்பானும் டைகுளோர்வாஸும் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. டிரையசோபாஸும் போரேட்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. அசிபேட் உடலுக்குள் போனதும் ஒரு பகுதி மெத்தமிடோபாஸாக மாறும், அதையும் நினைவில் வையுங்கள். எந்த மருந்தானாலும் டப்பாவில் உள்ள கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். 'பாஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட்தான். அப்படி முடியாத ஆர்கனோபாஸ்பேட்டுகளும் உண்டு: அசிபேட், டைமெத்தோயேட், மாலத்தியான்.

கார்பமேட் வகையும் கோலினெஸ்டரேஸைப் பூட்டும். ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில் பூட்டு தானே திறந்துகொள்ளும், தாமத நோய் மிக அரிது. சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு பட்டால் முகம் சுறுசுறுவென எரியும், உதடு மரத்த மாதிரி இருக்கும். வழக்கமாக ஒரு நாளில் அடங்கிவிடும், இழை சிதைவதில்லை. களைக்கொல்லியான பாராகுவாட் முதலில் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் வேறு வகை விஷம்.

டப்பாவில் உள்ள சாய்சதுர அடையாளத்தின் நிறத்தை வைத்து நரம்புப் பாதிப்பைக் கணிக்க முடியாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது உடனே உயிரை எடுக்கும் வேகத்தின் வரிசை. மூன்றாம் வாரம் வருவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

6. இதெல்லாம் மருந்தைக் குடிச்சவங்களுக்குத்தானே வரும்? நான் கூலிக்கு அடிக்க மட்டும்தான் போறேன்.

கால் தொங்கிப்போகும் அளவுக்கு வரும் தாமத நோயில் பெரும்பகுதி, மருந்து வயிற்றுக்குள் போனவர்களிடம் காணப்படுவதுதான். வயலில் அடித்ததால் மட்டும் அந்த நிலைக்கு வருவது அபூர்வம். தொட்டாலே கை கால் விழுந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

அதே சமயம், அடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் சரியில்லை. நிகராகுவாவில் விஷம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிழைத்த 36 விவசாயத் தொழிலாளர்களைச் சராசரியாக 2 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். கவனம், ஞாபகம், கைவேகம் முதலியவற்றில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இந்த ஆய்வு 1991இல் வெளியானது. மயங்கி விழாமல், சீசன் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு என்ன ஆகும் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. பிரிட்டனில் 1976 முதல் 1992 வரை ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்குவது கட்டாயமாக இருந்தது. அந்த வேலை செய்தவர்களின் உடல்நிலை பற்றிய வாதம் அதற்குப் பிறகும் பல ஆண்டு நீண்டது.

மருந்துக் கடையையே எட்டிப் பார்க்காதவர்களுக்கும் இதே நோய் வந்திருக்கிறது. 1977–78இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வளரிளம் பெண்களுக்குக் கால் பலவீனமாகிப் பாதம் தொங்கியது. எல்லோரும் அப்போதுதான் பெரியவளானவர்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் குடிக்கக் கொடுக்கும் நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. அதுவும் ஆர்கனோபாஸ்பேட்தான், ஆனால் பூச்சிமருந்தல்ல, தொழிற்சாலைச் சரக்கு. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த பாத்திரத்தில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் முடிவு. காலி மருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய்க்கோ சமையல் எண்ணெய்க்கோ வைக்கும் வீடுகள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கலாம்.

7. வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படும் அளவுக்குக் கண்டுபிடிக்கலாம். முதலில் காட்டிக்கொடுப்பது செருப்புதான். நடக்கும்போது ரப்பர் செருப்பு காலைவிட்டுக் கழன்று போகும், கழன்றதே தெரியாமல் நாலு அடி நடந்திருப்பார். அல்லது செருப்பின் முன்நுனி மட்டும் தரையில் உரசித் தேய்ந்திருக்கும். நடை மாறும்: சேற்றில் நடப்பதுபோல முழங்காலை அதிகம் தூக்கிப் பாதத்தைத் 'தொப்' என்று வைப்பார்.

பக்கத்தில் ஒருவர் நிற்க, சுவரைத் தொட்டபடி குதிகாலால் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு நுனிக்காலால் பத்து அடி. குதிகால் நடை வரவில்லையென்றால் முன்பாதத்தைத் தூக்கும் சதை தளர்ந்திருக்கிறது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் கால் விரலிலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வாருங்கள், எந்த இடத்திலிருந்து தெரிகிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கோடு மேலே ஏறியிருந்தால் காத்திருக்க வேண்டாம். கைக்கு, சட்டைப் பித்தான் போடுவதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் போதுமான சோதனை.

8. ரத்தத்துல விஷம் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தோம். நார்மல்னு வந்துடுச்சு. அப்போ இது மருந்தால வந்தது இல்லையா?

அந்த முடிவை வைத்து இரண்டு பக்கமும் பேச முடியாது. அநேகமாக நீங்கள் எடுத்தது கோலினெஸ்டரேஸ் அளவு. ரத்த நீரில் உள்ள நொதி சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். சிவப்பணுவில் உள்ளது நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்ற கணக்கில், புதுச் சிவப்பணு உருவாக உருவாகத்தான் ஏறும். அதுவும் மூன்று நான்கு மாதத்தில் நிரம்பிவிடும். கால் மரத்தபின் எடுக்கும் டெஸ்ட் நார்மலாக வருவதில் வியப்பில்லை. மேலும் 3ஆம் கேள்வியில் சொன்னபடி இழையைக் கெடுத்தது வேறு நொதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நார்மல் அளவே ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். ஒருவருக்கு இயல்பான அளவிலிருந்து பாதியாகக் குறைந்திருந்தும் ரிப்போர்ட்டில் நார்மல் வரம்புக்குள் நிற்கலாம். அதனால்தான் சீசன் தொடங்கும் முன் ஒரு தடவை எடுத்து வைத்தால்தான் பின்னால் எடுப்பதற்கு அர்த்தம்.

9. அப்போ என்ன டெஸ்ட் எடுக்கணும்?

நரம்பு மின்கடத்தல் சோதனை. பலர் சொல்வது 'நெர்வ் டெஸ்ட்' அல்லது என்.சி.எஸ். நரம்பியல் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுக்கலாம். தோலின்மேல் சின்னச் சின்ன மின்தட்டு கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகப் போகிறது என்று அளப்பார்கள். இந்த நோயில் வேகம் ஏறக்குறைய சரியாக இருக்கும், பலம் குறைந்திருக்கும். இழையின் உறை கெட்டிருந்தால் வேகம் விழும், இழையே செத்திருந்தால் பலம் விழும். ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் வாரத்திலேயே எடுத்த சோதனை சரி என்று வந்திருந்தால் அது இன்றைக்கு உதவாது. கால் மரத்தபின் ஒன்று, மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும்.

கூடவே சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

10. எனக்கு சுகர் இருக்கு, அப்பப்போ குடியும் உண்டு. டாக்டர் அதனாலதான்ங்கறார். மருந்தைச் சொன்னா காதுலயே வாங்கல.

டாக்டர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சர்க்கரை, சாராயம், பி12 குறைவு எல்லாமே பாதத்தில் தொடங்கும் மதமதப்பைத் தரும். நமக்கு வசதியான காரணத்தைப் பிடித்துக்கொண்டு, குணப்படுத்தக்கூடிய நோயைக் கோட்டைவிடக் கூடாது. தொழுநோயும் இந்தப் பட்டியலில் உண்டு. அது இரு காலிலும் சமமாக வராமல் திட்டுத் திட்டாக மரக்கும், முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் நரம்பு கயிறுபோலத் தடித்திருக்கும். காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையாலும் நரம்பு கெடும். ஜி.பி.எஸ். (கில்லன் பாரே) என்னும் நரம்பு நோயில் சில நாட்களிலிருந்து நான்கு வாரத்துக்குள் பலவீனம் காலிலிருந்து மேலேறும். மூச்சையும் பிடிக்கலாம் என்பதால் அது அவசரம்.

வேறுபாடு காலத்தில்தான் தெரியும். சர்க்கரையாலும் குடியாலும் வருவது ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவருக்கு, விஷம் ஏறி 18 நாளில் இரு பாதமும் ஒரே வாரத்தில் தொங்கினால் சர்க்கரைமேல் மட்டும் பழி போட முடியாது. டாக்டரிடம் 'மருந்து அடிச்சேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், கால் வலி தொடங்கிய தேதி, மரத்த தேதி, தூக்க முடியாமல் போன தேதி: இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பேச்சுக்குக் காது கொடுக்காதவரும் தேதிகளைப் படிப்பார்.

சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது குதிகால் அசையாமல் இருக்க, முழங்கால் அளவுக்கு மீறித் துள்ளினால், கால் நரம்போடு முதுகுத்தண்டு இழையும் கெட்டிருக்கிறது என்று பொருள். தாமத நோயில் அப்படி வரும். பி12 குறைவிலும் அதே மாதிரி வரும், அதற்கு ஊசி போட்டுக் குணப்படுத்தலாம். பி12 பார்க்காமல் விஷத்தின்மேல் முடிவு கட்டுவது பெரிய தவறு.

11. இதுக்கு முறிவு மருந்து உண்டா? ஊர்ல பி12 ஊசி பத்து போட்டாச்சு.

செத்த இழைக்கு முறிவு கிடையாது. எரிச்சலையும் குத்தலையும் குறைக்க அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். தசை விறைத்தால் பாக்லோஃபென். இவை வேதனையைக் குறைத்துத் தூங்கவும் நடக்கவும் உதவும், நரம்பை வளர்க்காது. திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ரத்தத்தில் பி12 குறைந்திருந்தால் ஊசி வேண்டியதுதான். குறையாதவருக்குப் பத்து போட்டாலும் இருபது போட்டாலும் செலவுதான் மிச்சம். பி6 கலந்த மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. லாட்ஜில் உட்கார்ந்து 'நரம்புத் தளர்ச்சி' பார்க்கும் வைத்தியர்களிடம் போக வேண்டாம். அவர்கள் சொல்லும் நரம்பே வேறு.

12. எவ்வளவு நாள்ல சரியாகும்? ஒழுங்கா நடப்பேனா?

காலில் ஓடும் நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 செ.மீ. என்று வைத்தால் 400 நாள். அதனால் இரண்டு மாதத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்று கைவிடுவது அவசரம். பொதுவாக உணர்ச்சி முதலில் திரும்பும். கைப்பலம் காலுக்கு முன்னால் திரும்பும். லேசாக வந்தவர்கள் ஓரிரு ஆண்டில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வருகிறார்கள்.

முதுகுத்தண்டுக்குள் உள்ள இழை அப்படி வளராது. ஆரம்பத்தில் கால் தொளதொளவென்று இருப்பதால் அந்தப் பாதிப்பு மறைந்திருக்கும். கால் நரம்பு தேறத் தேற, சில மாதம் கழித்துக் கால் விறைக்கத் தொடங்கும். தேறிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று கத்தரிக்கோல் மாதிரிக் காலைப் பின்னி நடக்கிறாரே என்று வீட்டார் பயந்துபோவார்கள். அது புதிய விஷமல்ல, இதுவரை வெளியே தெரியாமல் கிடந்தது. அப்போது பயிற்சியின் வகையை மாற்ற வேண்டும், பிசியோதெரபிஸ்டிடம் உடனே காட்டுங்கள்.

13. வீட்ல என்ன செய்யணும்? நல்லா வென்னீர் ஒத்தடம் குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. ஒத்தடத்தாலும் சூடான மணல் மூட்டையாலும் கொப்புளம் கண்டு, அது புண்ணாகிப்போவதுதான் அதிகம். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

குதிகால் நாண் சுருங்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பாதம் தொங்கியே கிடந்தால் பின்னங்கால் நாண் குறுகிவிடும். பிறகு பலம் திரும்பினாலும் பாதம் தட்டையாகத் தரையில் பதியாது. காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இரு கையாலும் தன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 4 தடவை, காலையும் மாலையும். முழங்காலை மடக்காமல் செய்தால்தான் பலன். அடுத்தது, பாதத்தைத் தானாக மேலே தூக்க முயல்வது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. அசையாவிட்டாலும் முயற்சி வேண்டும்.

பாதம் தொங்கினால் பிளாஸ்டிக்கில் எல் வடிவில் செய்த கணுக்கால் தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள். காலுக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தைத் தட்டிச் சரிசெய்யக் கொடுங்கள். செருப்பில் பின்வார் இருக்கட்டும். உள்பக்கம் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு நல்லது. வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டாம். இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முள் இருந்தால் கண்தான் சொல்லும், கால் சொல்லாது.

14. கால் பரவாயில்லை. ஆனா ஆளே மாறிட்டார். மறதி, சிடுசிடுப்பு, ராத்திரி தூக்கமில்லை. இதுவும் மருந்தா?

6ஆம் பதிலில் சொன்ன கவனக்குறைவும் ஞாபகக் குறைவும் இப்படித்தான் வீட்டுக்குத் தெரியவரும்: வாங்கிய கூலியை எண்ணத் தடுமாறுவது, பேச்சுக்கு நடுவில் நூலைவிடுவது. விஷத்தின் உச்சத்தில் மூச்சு நின்று மூளைக்குக் காற்று குறைந்திருந்தாலும் இதே நிலை வரும், அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் குறிப்பு இருக்கும். கடன், வேலையிழப்பு, வலி இவற்றால் வரும் மனச்சோர்வும் இதே முகத்தோடுதான் வரும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் மனநல மருத்துவரிடம் காட்டுவதில் நஷ்டமில்லை.

உயிரை மாய்த்துக்கொள்ள மருந்து குடித்துப் பிழைத்தவர் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒரு மூடி மருந்துகூட இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 என்ற இலவச எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

15. கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுத்தானே அடிச்சேன். அப்புறம் எப்படி ஏறுச்சு?

பெரும்பாலும் தோல் வழியாக, அதிலும் கலக்கும் நேரத்தில். 36 சதவீத மருந்து 1 மில்லியில் 360 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் அதே 360 மில்லிகிராம் அரை லிட்டர் கலவையில் பரவியிருக்கும். மூடியில் ஊற்றும்போது விரலில் வழிந்த ஒரு சொட்டை வேட்டியில் துடைப்பவர், டேங்க் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ள ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்.

அடுத்த வழி முதுகு. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் கசிந்து சட்டை நனையும், நனைந்த சட்டை இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் தோல் மிக மெல்லியது, முன்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். வியர்வை அதை இன்னும் கூட்டும். துணிக் கையுறை நனைந்தால் மருந்தைக் கையோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி. நைட்ரைல் கையுறை வேண்டும். ஆளுயரப் பருத்திக்கோ மரத்துக்கோ கையைத் தூக்கி அடிக்கும்போது சட்டைக்கையைக் கையுறைக்குள் விடுங்கள். தாழ்ந்த பயிருக்குக் கையுறைமேல் சட்டைக்கை இருக்கட்டும். முகத்தில் கட்டும் துண்டு நனைந்தபின் அது மாஸ்க் இல்லை. நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், ஒரு பழைய பல்குச்சி போதும்.

வீட்டுக்கு வந்து குளிப்பதைவிட வயலிலேயே சோப்புப் போட்டுக் குளிப்பது மேல். உடுப்பைத் தனியாக, இரண்டு அலசல் துவைக்க வேண்டும். துவைப்பவர் கைக்கும் கையுறை வேண்டும், அந்தக் கை பெரும்பாலும் மனைவியின் கை.

16. மறுபடி மருந்து அடிக்கப் போகலாமா? அதான் எங்களுக்குப் பொழப்பு.

கால் மரத்திருக்கும்வரை ஆர்கனோபாஸ்பேட் பக்கம் போகவே கூடாது. நரம்பு நன்றாக இருந்து, விஷம் ஏறியது மட்டும் நடந்திருந்தாலும் 8ஆம் பதிலில் சொன்னபடி நொதி நிரம்ப மாதங்கள் ஆகும். அதற்குள் போனால் முன்பு தாங்கிய அளவுகூடத் தாங்காது. கலிஃபோர்னியாவில் தொழில்முறையாக அடிப்பவருக்கு முன்கூட்டியே அளவெடுத்து வைப்பார்கள். சிவப்பணு நொதி அவருடைய சொந்த அளவில் 70 சதவீதமாக இறங்கினால் வேலையிலிருந்து நிறுத்தி, 80க்கு ஏறிய பிறகே விடுவது விதி. நம் ஊர் கூலிக்காரருக்கு அப்படி யாரும் எடுத்து வைப்பதில்லை. அவர் குறைந்தது மூன்று நான்கு மாதம் விலகி நிற்பதுதான் கணக்கு. அந்தச் சீசனில் களையெடுப்பு, அறுவடை என்று மாறிக்கொள்ள முடியுமா பாருங்கள். ஆனால் மருந்து அடித்த வயலில் மறுநாளே களையெடுக்க இறங்குவதும் அதே விஷத்துக்குள் இறங்குவதுதான்.

17. கூலிக்கு அடிச்சு இப்படி ஆச்சு. நஷ்டஈடு கிடைக்குமா? டப்பாவையும் தூக்கிப் போட்டுட்டாங்க.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், விவசாயத்திலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து தெளிக்கும் வேலை பெயர் சொல்லியே இடம்பெற்றது. பாஸ்பரஸ் சேர்மங்களால் வரும் நோயைத் தொழில்நோய்ப் பட்டியலிலும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இணைத்திருக்கிறார்கள். மனுவுக்குக் காலக்கெடு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். குடும்பம் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால் தாலுகா அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஊனத்தின் அளவு 40 சதவீதமோ மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதைச் சேர்ந்த உதவிகளும் உண்டு. நரம்பு தேறிக்கொண்டிருக்கும்போது தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், அதை வாங்க மறுக்காதீர்கள்.

எல்லாமே காகிதத்தில்தான் நிற்கும். முதல் நாள் அரசு ஆஸ்பத்திரியில் போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், பேச்சில் ஏ.ஆர். காப்பி, கட்டாயம் வேண்டும். அதில் 'விஷம் அருந்தியதாக' என்று எழுதியிருந்தால் வேலையில் ஏறியது என்று நிரூபிப்பது கடினம். சேர்க்கும்போதே 'வயலில் மருந்து தெளிக்கும்போது' என்று எழுதச் சொல்லிப் படித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர் 'ஓ.பி. விஷம்' என்று மட்டும் இருந்தால் போதாது. டப்பா போய்விட்டால் உரக்கடைப் பில்லில் மருந்துப் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். பில்லும் இல்லையென்றால் கடைக்காரரின் இருப்புப் பதிவேட்டில் அந்த வாரம் அந்த நிலக்காரர் வாங்கியது பதிவாகியிருக்கும். அதே டேங்கைப் பிடித்து அடித்த இன்னொரு கூலிக்காரரின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்குங்கள். அவர் காலையும் அப்படியே 7ஆம் கேள்வியின்படி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.